பிரண்டைக்குளத்துக் கரையில் தொண்ணூறு மீட்டர்

மண் தோண்டிப் பிழைக்கிற அசன் மைதீனுக்கு மண் என்றாலே பயம். இதை அவர் மனைவி ஷஃபீகாவைத் தவிர வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் அவரோடு ஒரு நாள் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். மற்ற ஜேசிபிக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய வேகத்தில் பக்கெட்டை இறக்கிவிடுவார்கள். இவர் முதலில் வண்டியை விட்டு இறங்குவார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தை ஒரு சுற்று நடப்பார். பிறகு சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் நாலடி இரும்புக் கம்பியை எடுத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக மண்ணில் இறக்கிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பிஸ்மி சொல்லி ஏறுவார்.

"பாய் மண்ணுக்கு ஊசி போடுதாருவே" என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். கம்பியை மட்டும் விடமாட்டார்.

பத்தமடைக்காரரான அவர் இருபத்தாறு வயதில் சவூதிக்குப் போனவர். மூன்றாவது வருடம் தம்மாமில் ஒரு கட்டட வேலை. கீழே ஒன்றுமில்லை, தோண்டு என்று வரைபடத்தைப் பார்த்துச் சொன்ன இடத்தில் தோண்டினார். கீழே மின்சாரக் கேபிள் இருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கெட்டில் கை வைத்தபடி நின்றிருந்த நேபாளத்து ஆளுக்கு வலது கை போயிற்று. யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்த ஆளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, உன்மேல் தப்பில்லை என்று இந்தியில் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அசன் மைதீன் எங்கே நின்றாலும் காலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ என்ற நினைப்பிலேயே நின்றார். ஊருக்குத் திரும்பினார், கல்யாணம் முடித்தார், மகள் மைதீன் பாத்திமா பிறந்து பேட்டையில் கல்லூரிக்குப் போகிற வயதும் வந்துவிட்டது. பயத்துக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

குற்றாலலிங்கம் என்ற ஒப்பந்தக்காரரிடம் அவர் பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டினார். சத்தம் போடுவாரே தவிர, மனசில் வைத்துக்கொள்ளாத மனிதர் குற்றாலலிங்கம். போன வருடம் மே மாதம் அவருக்குப் பிரண்டைக்குளத்தின் கரையைப் பலப்படுத்தும் வேலை கிடைத்தது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, கால்வாய்த் தண்ணீரில் பெருகுகிற குளம் அது. கரையின் நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர். தண்ணீர்ப் பக்கத்துச் சரிவைச் செதுக்கி, செம்மண் போட்டு இறுக்கி, அலை அரிக்காதபடி அடியிலிருந்து தலைவரை அலைகல் பதிக்க வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் கார் நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்துவிடுவார்கள் என்பதால் அதற்குள் முடித்தாக வேண்டும். கையில் இருந்தது இருபத்து நாலு நாள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு ஒன்றரை வருடம் முந்தைய மார்கழிப் பெருமழையில் ஆறு ஊருக்குள் புகுந்தபோது இந்தக் குளமும் கழுத்துவரை நிரம்பியது. பழைய மடைக்கு மேற்கே கரை அரித்துக்கொண்டு போக, ஊரே திரண்டு மணல் மூட்டை அடுக்கித்தான் நிறுத்தியது. கரைக்குக் கீழே நாற்பது வீடு. அதில் ஒன்று பூதத்தானுடையது. அவர் அந்தக் குளத்துக்கு நீர்ப்பாய்ச்சி; எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து மடையைத் திறக்கிறவரும் அடைக்கிறவரும் அவர்தான். அறுபதைத் தாண்டியவர். அந்த மழையில் அவருடைய இரண்டு பசுக்கள் தொழுவத்தோடு போய்விட்டன.

"எப்பம்வே கல்லு வைப்பீரு?" என்று வேலை தொடங்கிய நாளிலிருந்து தினமும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலையில் அசன் மைதீன் பழைய மடைக்கு மேற்கே வந்து சேர்ந்தார். வழக்கம்போல இறங்கி நடந்தார். கம்பியை ஊன்றினார். முக்கால் சாண் ஆழத்தில் 'நொறுக்' என்று ஏதோ உடைந்தது. கல்லில் முட்டினால் கம்பி கையை உதறும். வேரில் முட்டினால் இழுக்கும். இது இரண்டும் இல்லை. 

முழங்காலிட்டு உட்கார்ந்து கையாலேயே மண்ணை விலக்கினார். உள்ளே வெள்ளை வெளேரென்று, கோலிக்குண்டைவிடப் பெரிதாக, உருண்டை உருண்டையாக ஒன்பது முட்டைகள். ஒன்றில் கம்பி இறங்கியிருந்தது. உடைந்த அந்த முட்டையை எடுத்துப் பார்த்தார். மஞ்சள் கருவோடு ஒட்டிக்கொண்டு ஒரு உயிர். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய முதுகு. கண் திறக்கவில்லை. முன்னங்கால் இரண்டும் காற்றில் துழாவின. அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அது கொஞ்ச நேரத்தில் துழாவுவதை நிறுத்திவிட்டது.

"ஆமை முட்டைல்லா" என்றார் பின்னால் வந்து நின்ற பூதத்தான். "கார்த்திகை மார்கழில கரையேறிப் போட்டுட்டுப் போவும். கோடை பூரா மண்ணுக்குள்ளயே கெடக்கும். நல்ல மழை ஒண்ணு எறங்குச்சுன்னா பொரிஞ்சு வெளிய வரும். இந்தப் பக்கம் முச்சூடும் கெடக்குமே."

"முச்சூடுமா?"

"பின்ன? சின்னப்புள்ளையில தோண்டி அவிச்சுத் திம்போம். இப்பம் யாரு திங்கா."

அசன் மைதீன் திரும்பிக் கரையைப் பார்த்தார். காய்ந்த புல்லும் செம்மண்ணுமாக ஒரு சரிவு. எங்கே எது கிடக்கிறதென்று ஒரு அடையாளமும் இல்லை. இத்தனை வருடமாக அவர் எதைப் பயந்தாரோ அது அவர் காலுக்குக் கீழே முச்சூடும் கிடந்தது. எட்டு முட்டையையும் அசைக்காமல் மண்ணை மூடினார். வண்டியைக் கிழக்கே ஓட்டிக்கொண்டு போய் வேறு இடத்தில் வேலையைத் தொடங்கினார். 

சாயங்காலம் மகளிடம் சொன்னபோது, கல்லூரிக்கு ஒரு பெண் வந்து ஆற்று உயிரினங்களைப் பற்றிப் பேசியதாகவும் அவருடைய எண் தன்னிடம் இருப்பதாகவும் மைதீன் பாத்திமா சொன்னாள். மறுநாளே அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பெயர் ஸ்டெபி. சொந்த ஊர் வள்ளியூர். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சிறிய ஆய்வு மையத்தில் வேலை. மண்ணை இரண்டு விரலால் ஒதுக்கி முட்டையைப் பார்த்துவிட்டு அவள் முதலில் கேட்டது இதுதான்:

"அண்ணே, முட்டையைத் திருப்புனீங்களா?"

"தொடவே இல்லம்மா. ஏன்?"

"குஞ்சு மேல்பக்கத்து ஓட்டுல ஒட்டிக்கிட்டு வளரும். கீழ மேல மாத்திட்டா உள்ளயே செத்துரும். நீங்க மூடி வச்சதுதான் சரி." பிறகு தயங்கிவிட்டுச் சொன்னாள்: "இது பாலாமை. சட்டப்படி பாதுகாக்க வேண்டிய உயிர். தெரிஞ்சே இடிச்சா கேஸ் ஆகும்ணே."

கேஸ் என்றதும் அசன் மைதீன் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பக்கெட்டை இறக்குகிறவர் அவர்தான். முதலாளி பெயரா எழுதுவார்கள்? அன்று அவருக்குப் பயம் தன்னைப் பற்றித்தான். பின்னால் ஷஃபீகாவிடம் அதை ஒத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு காலையும் அவரும் ஸ்டெபியும் கரையைத் தடவிப் பார்த்தார்கள். முட்டையிட்ட ஆமை குழியை ஈரமண்ணால் அடைத்து மெழுகிவிட்டுப் போகும்; அது காய்ந்தால் சுற்றியுள்ள மண்ணைவிடக் கொஞ்சம் வழுவழுப்பாக, கெட்டியாக இருக்கும் என்று அவள் சொன்னாள். கண்ணுக்கு அது தெரியவில்லை. அசன் மைதீனின் வெறுங்காலுக்குத் தெரிந்தது. ஆறு குழிகள் கிடைத்தன. நாலு அவர் கண்டுபிடித்தது. ஆறும் பழைய மடைக்கு மேற்கே தொண்ணூறு மீட்டருக்குள் இருந்தன. மற்ற இடமெல்லாம் களிமண். இங்கே மட்டும்தான் மணல் கலந்த செம்மண், வெயிலும் நன்றாக விழும்.

கரை அரித்தது அதே தொண்ணூறு மீட்டரில்தான்.

அடையாளம் வைக்கக் கூடாது, வைத்தால் யாராவது தோண்டிவிடுவார்கள் என்றாள் ஸ்டெபி. அதனால் மடையிலிருந்து எத்தனை எட்டு, கரையின் தலையிலிருந்து எத்தனை எட்டு என்று அவர் மனப்பாடம் செய்தார். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் மூன்றாவது குழியின் ஓரம் கீறிக் கிடந்தது. பூதத்தான் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அவர்தானே அவித்துத் தின்ற கதை சொன்னவர்? அசன் மைதீன் அவரைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தார். அரைமணி நேரம் கழித்து ஒரு கீரி வந்து அதே இடத்தைக் கீறியது. அவர் கல்லை எடுத்து விரட்டிவிட்டு, முள்செடி ஒன்றை வெட்டி மேலே போட்டார். அதன்பிறகு பூதத்தானின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஒளித்து வைக்க முடிகிற காரியம் இல்லை இது. மேற்கேயும் கிழக்கேயும் வேலை நடந்துகொண்டிருக்க, நடுவில் தொண்ணூறு மீட்டர் அப்படியே கிடந்தது. குற்றாலலிங்கம் வந்து நின்றார்.

"ஏலே மைதீனு, நான் கரை கட்ட வந்தேனா, ஆமைக்குப் பேறுகாலம் பாக்க வந்தேனாலே?"

"மழை வரைக்கும் விட்டுருவோம் மொதலாளி."

"மழை வரைக்குமா? மழைக்குத்தாம்லே கரையே!"

ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பூதத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "ஆமை பொழைக்கணும்னு சொல்லுதீரு. நல்லது. கரை ஒடைஞ்சா நாங்க எங்க போயி முட்டை போட?"

யாரோ சிரித்தார்கள். அசன் மைதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது என்று அவருக்குத் தெரியும். ஆமைக்காக விட்டு, அந்த இடத்தில் கரை போனால்? நாற்பது வீட்டுச் சனமும் அவர் பெயரைச் சொல்லித்தான் அழும். வீட்டில் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு பக்கம் உள்ளங்கையில் துழாவிய கால். மறுபக்கம் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகிற தொழுவம்.

"ஆமைக்காவது மேல ஓடு இருக்கு மச்சான்" என்றாள் ஷஃபீகா. "ஒங்களுக்கு அதுவும் இல்ல. பேசாம இஞ்சினியர்ட்ட போயிச் சொல்லுங்க. நாள்பூரா மண்ணப் பாக்குத ஆளு நீங்க. ஒங்களுக்கு ஒரு வழி தெரியாமயா இருக்கும்?"

அவருக்கு ஒரு வழி தெரிந்துதான் இருந்தது. சொல்லத்தான் தைரியம் இல்லை. முன்பொரு முறை நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்தில் தண்ணீர் வற்றாமல் கிடந்ததால் உள்சரிவைத் தொட முடியவில்லை. அங்கே கரையின் வெளிப்பக்கம் அடியில் மண்ணைக் கொட்டி, படிபோல இறுக்கி முட்டுக் கொடுத்தார்கள். அந்தக் குளம் இன்றும் நிற்கிறது.

உதவிப் பொறியாளர் வெங்கட்ரமணன் கல்லிடைக்குறிச்சிக்காரர், இளவயது. எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புகிறவர். கரைக்கு வந்து, அசன் மைதீன் காட்டிய இடத்தையெல்லாம் குனிந்து பார்த்தார். ஸ்டெபி சொன்னதையும், அசன் மைதீன் தயங்கித் தயங்கிச் சொன்ன வெளிப்பக்க முட்டு யோசனையையும் கேட்டார். 

"வெளிமுட்டு நல்ல யோசனைதான். ஆனா எஸ்டிமேட்ல இல்ல" என்றார். "வனத்துறைலேர்ந்து ஒரு கடிதம் வரட்டும். அதை வச்சு மேல எழுதி, இந்தத் தொண்ணூறு மீட்டரை மட்டும் மழைக்குப் பிறகுன்னு தள்ளி வைக்கலாம். வாய்வார்த்தையா என்னால நிறுத்த முடியாது."

"கடுதாசி எப்ப சார் வரும்?"

ஸ்டெபி, நாலு நாளில் வாங்கிவிடுகிறேன் என்றாள். குற்றாலலிங்கம் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நாலு நாளு. அதுக்கு மேல ஒரு நாளு கெடையாது" என்றார்.

அசன் மைதீன் அந்த நாலு நாளையும் மணிக்கணக்கில் எண்ணினார். இரண்டாம் நாளே அணையை இந்த முறை முன்னதாகத் திறக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பத்தமடைப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பூதத்தான்.

"பாய், ஒம்ம எடத்துல வேற வண்டி நிக்கி. வெட்டுதான். சட்டுனு வாரும்."

மொபெட்டை எவ்வளவு வேகமாக ஓட்டினார் என்று அவருக்கு நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மீட்டர் போயிருந்தது. புதிய ஆள் ஒருவன் வண்டியில் இருந்தான். பக்கெட் மேலே எழுந்து, திரும்பி, அடுத்த கடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அசன் மைதீன் சத்தம் போட்டுப் பார்த்தார். என்ஜின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. அப்புறம் அவர் செய்ததை அவரே நம்பவில்லை. ஓடிப்போய்ப் பக்கெட் இறங்குகிற இடத்தில் நின்றுகொண்டு, அந்தச் சூடான இரும்பில் கையை வைத்தார். நேபாளத்து ஆள் நின்ற இடம் அது என்பது கை வைத்த பிறகுதான் உறைத்தது. 

வண்டி அணைந்தது. "ஏ, சாவணுமா ஒமக்கு?" என்று டிரைவர் கத்தினான்.

அவர் அந்த வண்டி வெட்டிக் கொட்டிய மண்ணில் உட்கார்ந்து கிளறினார். முதல் குழி, அவர் மூடி வைத்த அதே எட்டு முட்டை. ஐந்து நசுங்கிக் கிடந்தன. மூன்று முழுசாக இருந்தன. ஆனால் உருண்டுவிட்டன, எது மேல் எது கீழ் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

குற்றாலலிங்கம் காரிலிருந்து இறங்கி வந்தபோது அசன் மைதீன் கையில் அந்த மூன்றையும் வைத்தபடி எழுந்து நின்றார். குரல் ஏறவே இல்லை.

"பன்னெண்டு வருசம் ஒங்களுக்கு ஓட்டிருக்கேன் மொதலாளி. ஒரு தடவ மாட்டேன்னு சொல்லிருக்கேனா?"

"அணையத் தொறக்கப் போறாம்லே. நான் என்ன செய்ய?"

"நாலு நாளுன்னு நீங்கதான் சொன்னீங்க."

குற்றாலலிங்கம் பூதத்தானைப் பார்த்தார். கல் வேண்டும் என்று தினமும் கேட்ட மனிதர் தன் பக்கம் பேசுவார் என்று நினைத்திருப்பார். பூதத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் கல்லு வேணும்தான். ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி."

அந்த வண்டி திரும்பிப் போயிற்று. நடுவில் சனி, ஞாயிறு விடுமுறை வந்துவிட்டதால் திங்கள்கிழமை மத்தியானம்தான் ஸ்டெபி கடிதத்தோடு வந்தாள். வெங்கட்ரமணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு மேலே பேசினார். மிச்சமிருந்த எழுபத்தெட்டு மீட்டரை மழை கழியும்வரை தள்ளி வைக்கலாம், அதுவரைக்கும் குளத்துக்குள் வெட்டிய மண்ணைக் கொண்டே வெளிமுட்டுக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று.

"இந்த வெளிமுட்டு வேலைய நீயே முடிச்சுட்டுப் போ" என்றார் குற்றாலலிங்கம். "அது முடிஞ்ச அன்னைக்கு வண்டிச் சாவியக் குடுத்துரு. ஊரு முன்னால என்னைய நிக்க வச்சிட்ட. இனி ஒத்து வராது." சத்தம் போடாமல் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அசன் மைதீனுக்கு.

ஐந்து நாள் அவர் வெளிப்பக்கம் மண் அணைத்தார். அரையடி மண், அதற்குத் தண்ணீர், அதன்மேல் உருளை. மறுபடி அரையடி மண். ஒவ்வொரு அடுக்கிலும் இறங்கி நடந்து பார்த்தார். ஜூன் இரண்டாம் தேதி முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த வாரமே கால்வாயில் தண்ணீர் வந்தது. பக்ரீத் அன்று தொழுகை முடிந்து, வீட்டில் பிரியாணி தம்மில் இருக்கும்போதே, இதோ வந்துவிடுகிறேன் என்று கரைக்குப் போனார். குளம் பாதி நிறைந்திருந்தது. வெளிமுட்டு காய்ந்து கிடந்தது. நிம்மதியாக இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் முட்டின் அடியில் ஒரு கையகலத்துக்கு ஈரம். அதற்கடுத்த நாள் அதிலிருந்து சன்னமாகத் தண்ணீர் ஓடியது.

"ஊத்து கண்டுட்டுவே" என்றார் பூதத்தான். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அசன் மைதீன் ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் அதைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் கரை மூச்சுவிடுகிறது என்று அர்த்தம். கலங்கலாக இருந்தால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. தெளிவாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பிடித்தார். தெளிவு. வேலையும் இல்லாத மனிதர், காலையிலிருந்து பொழுது சாயும்வரை கரையடியில் உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாகப் பிடித்துப் பார்த்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் பிடித்ததில் அடியில் மெல்லிய செம்மண் படிந்தது.

பூதத்தான் பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தார். போய் மடையை இன்னும் இரண்டு சாண் திறந்துவிட்டார். "ஒரு அடி தண்ணி கொறையட்டும். வயலுக்குப் போற தண்ணிதானே" என்றார். இருவருமாக ஊற்றுக் கண்ணின் மேல் முதலில் மணலும், அதன்மேல் சல்லியும், அதன்மேல் கல்லும் பரப்பினார்கள். ஊர்க்காரர்கள் ஆறு பேர் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர்கூட அசன் மைதீனிடம் பேசவில்லை. மறுநாள் நண்பகலில் தண்ணீர் தெளிந்தது.

இனி மழை வேண்டும். மழை வந்தால்தான் முட்டை பொரியும். மழை வந்தால் குளம் ஏறும். அவர் தொழுகையில் கையேந்தும்போது எதைக் கேட்பதென்றே தெரியாமல் சும்மா ஏந்தினார்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி பிற்பகல் மேற்கே மலை மறைந்தது. சாரல்தான் என்று நினைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அசன் மைதீன் நனைந்துகொண்டு வெளிப்பக்கமே நின்றார். முட்டு அசையவில்லை. ஊற்றில் வந்த தண்ணீர் தெளிவாகவே வந்தது.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும் முன்பே ஸ்டெபி வந்துவிட்டாள். ஈரமண் இளகிக் கிடந்தது. எட்டு மணி வரைக்கும் ஒன்றுமில்லை. அவருக்கு அந்தக் கம்பியின் நினைவும், கீரி கீறிய நினைவும், உருண்ட மூன்று முட்டையின் நினைவும் மாறி மாறி வந்தன. அந்த மூன்றையும் ஸ்டெபி ஒரு பெட்டியில் மண்ணுக்குள் வைத்திருந்தாள். ஒன்றும் பொரியவில்லை என்று அன்றுதான் சொன்னாள். எல்லாமே அப்படித்தானோ? உள்ளே எல்லாம் எப்போதோ செத்து, செத்ததற்காகவா இத்தனை பேரை இந்தப் பாடு படுத்தினோம்?

"பாய், அசையாதேயும்" என்றார் பூதத்தான்.

அசன் மைதீனின் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண் விரிந்தது. மூக்கு ஒன்று வெளியே வந்தது, பன்றிமூக்குப்போல இரண்டு துளையோடு. பிறகு முன்னங்கால். சேறு பூசிய முதுகு, ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. அது ஒரு முறை நின்றது. பிறகு வழியை யாரிடமும் கேட்காமல் நேரே தண்ணீரைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. பின்னாலேயே இன்னொன்று. மேலே காக்கைகள் வந்துவிட்டன. பூதத்தான் துண்டைச் சுழற்றிக்கொண்டு கரையில் மேலும் கீழும் ஓடினார். "போ, போ, சவத்து மூதி!" என்று அவர் திட்டியது காக்கையையா ஆமையையா என்று தெரியவில்லை.

அசன் மைதீன் நின்ற இடத்திலேயே நின்றார். காலை எடுத்து வைக்கப் பயம். கீழே இன்னும் ஏதாவது வந்துகொண்டிருந்தால்? கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

மூன்று நாளில் நாலு குழியிலிருந்து இருபத்தாறு குஞ்சுகள் வெளியே வந்தன. இரண்டைக் காக்கை கொண்டுபோயிற்று. கீரி கீறிய குழியில் ஒன்றுமே வரவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. வேலையை நிறுத்துகிற டிரைவர் என்று பெயர் பரவிவிட்டது. ஷஃபீகாவின் தையல் மெஷின்தான் ஓடியது. ஆவணியில் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலை கட்டுகிற இடத்தில் வண்டி ஓட்ட எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். குற்றாலலிங்கம் ஒரு கல்யாணத்தில் எதிரே வந்தபோது தலையை அசைத்தார். அவ்வளவுதான்.

மழை கழிந்ததும் அந்த எழுபத்தெட்டு மீட்டருக்குக் கல் வருவதாக இருந்தது. புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிற நாளில், ஸ்டெபி எழுதிக் கொடுத்த மனுவோடு அசன் மைதீன் போய் வரிசையில் நின்றார். ஆமை மறுபடி வந்து முட்டையிட உள்சரிவைப் புல்லோடு விட்டுவிட்டு, வெளிமுட்டுக் கரையை நிரந்தரமாக்கித் தர வேண்டும் என்பது மனு. அவர் பெயருக்குக் கீழே பூதத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். போடுவதற்கு முன், ஊற்றுத் தண்ணீர் மறுபடி கலங்கினால் அன்றைக்கே கல் வைக்கச் சம்மதம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள்.

வெங்கட்ரமணன் அதற்குச் சாதகமாகக் குறிப்பு எழுதினார். ஒரு வருடம் பார்ப்போம், பிறகு முடிவு செய்வோம் என்று உத்தரவு வந்தது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. அந்த மூன்று நாளும் அசன் மைதீன் லீவு போட்டுவிட்டுக் கரையில் கிடந்தார். கரை நின்றது. கார்த்திகைக் கடைசியில் புதிய குழி ஏழு என்று ஸ்டெபி எண்ணிச் சொன்னாள்.

அந்த ஒரு வருடம் இப்போது முடியப்போகிறது. அதை முடிவு செய்ய அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். உத்தரவு நீடிக்குமா, கல் வருமா என்று வெங்கட்ரமணனுக்கே தெரியாது. அவருக்கு மாற்றல் வரும் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. கங்கைகொண்டானில் அசன் மைதீன் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டார். வீட்டில் விசேஷமா என்று அவர் கேட்க, இல்லை, ஒரு கூட்டம், நான் பேச வேண்டியிருக்கிறது என்றார். என்ன பேசப் போகிறோம் என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக நெடுஞ்சாலை ஓரம் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தார்.